செட்டிநாட்டு வீடு என்று முன்பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

காரைக்குடிப் பக்கம் பழைய செட்டிநாட்டு வீட்டில் தங்கி ஓய்வெடுக்கலாம் என்று திட்டம் போடும் தம்பதிகளுக்காக இதை எழுதுகிறேன். விடுதியின் பெயரை நுகர்வோர் புகாரில் கொடுத்திருக்கிறேன், இங்கே போடவில்லை. ஆனால் இதே வித்தையை வேறு இடத்திலும் காட்டலாம், அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கல்யாண நாளுக்காகப் போனோம். வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றி பர்மா தேக்குத் தூண், காலுக்குக் குளிர்ச்சியாக ஆத்தங்குடிக் கல், திண்ணையில் உட்கார்ந்து ஒரு காபி. இதற்கு மேல் ஒன்றும் ஆசைப்படவில்லை. அவர்களுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இதெல்லாம் அழகழகாக இருந்தது. ஓர் இரவுக்கு 6,800 ரூபாய், முழுத் தொகையும் முன்கூட்டியே, ஜிபேயில். பணம் போன கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. கேட்டதற்கு, "ஓனர் அக்கவுண்ட்தான் மேடம்" என்றார்கள்.

வீடு பொய்யில்லை. படத்தில் பார்த்த அதே முகப்பு, நிலைக்கு மேல் அதே கஜலட்சுமி. ஆனால் அந்த வாசல் வழியாக எங்களை விடவில்லை. பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துச் சந்துக்குள் நுழைந்தான். வீட்டுக்குப் பின்னால் புதிதாக எழுப்பிய கான்கிரீட் அறைகள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்றுதான் எங்களுக்கு. ஒரே ஜன்னல், அதுவும் ஜெனரேட்டரைப் பார்த்து.

தரையைப் பார்த்தால் ஆத்தங்குடிக் கல் மாதிரியே இருந்தது. சரி, இதுவாவது உண்மை என்று நினைத்தேன். பாத்ரூம் வாசலில் ஈரம் பட்டு ஓரம் சுருண்டிருந்தது. விரலால் தூக்கினால் தாளாக எழும்பி வந்தது. வினைல் ஷீட்! அடியில் சாதாரண வெள்ளை டைல். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடிமேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டுக் கையால் செய்வார்கள். சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைப்பார்கள். கைவேலை என்பதால் ஒரு கல்லில் இதழ் கொஞ்சம் தடித்திருக்கும், இன்னொன்றில் கோடு கொஞ்சம் நகர்ந்திருக்கும். எங்கள் அறையில் எல்லாப் பூவிலும் ஒரே இதழில், ஒரே இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி.

மேனேஜரிடம் போனோம். "படத்துல காட்டின ரூம் எங்கே?"

"அது வேற மேடம். நீங்க புக் பண்ணது ஹெரிடேஜ் வியூ ரூம்."

"வியூ எங்கப்பா இருக்கு?" என்று என் கணவர் கேட்டார்.

"மொட்டைமாடிக்குப் போனீங்கன்னா வீடு ஃபுல்லா தெரியும் சார்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ராத்திரி வாட்ச்மேன் பெரியவர்தான் விஷயத்தை உடைத்தார். "உள்வீட்டுல எந்த ரூமும் விடுறதில்லத்தா. பங்காளிக ஆளுக்கு ஒண்ணு பூட்டி வச்சிருக்காக. இவுக முகப்பும் பின்கட்டும் மட்டுந்தான் குத்தகைக்கு எடுத்திருக்காக."

செட்டிநாட்டில் இது சகஜம். ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள் உரிமைக்காரர்கள், ஆளுக்கொரு திக்கில் இருப்பார்கள், கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும்தான் ஒன்றுகூடுவார்கள். அத்தனை பேரையும் சம்மதிக்கவைத்து உள்ளறைகளை விடுதியாக்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. முறையாக அதைச் செய்து, நன்றாகவே நடத்துகிறவர்கள் கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் இருக்கிறார்கள். நம்ம ஆட்களோ முன்வாசலைப் படம் பிடித்துப் போட்டு, பின்வாசல் அறையை விற்கிறார்கள்.

ஓய்வு என்று போனோமே, அது மறுநாள் விடியற்காலையிலேயே போய்விட்டது. இருட்டு விலகுவதற்குள் டிரோன் சத்தம். முகப்பில் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட். பத்து மணி வரை அந்தப் பக்கம் வரவேண்டாம் என்று பையன் வந்து சொல்லிவிட்டுப் போனான். திண்ணைக் காபி அத்தோடு முடிந்தது. மத்தியானத்துக்கு மேல் இன்னொரு ஜோடி, இன்னொரு கேமரா. திண்ணையையும் முகப்பையும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். தங்குகிறவர்களிடம் அதைச் சொல்வதில்லை. சாப்பாட்டைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. தலைக்கு 900 ரூபாய் செட்டிநாட்டு விருந்து என்றார்கள். வெளியிலிருந்து வந்த பார்சலைப் பின்னால் பிரித்து வாழையிலையில் வைத்ததை என் கண்ணால் பார்த்தேன். வெள்ளைப் பணியாரமும் இல்லை, கவுனி அரிசியும் இல்லை.

பில்லில் அறை வாடகைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருந்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 5 சதவீதம்தான். அந்த பில்லில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை, அப்புறம் எந்தக் கணக்கில் கட்டப்போகிறார்கள்? போதாததற்கு 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். அதைத் தானாக பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. இதைச் சொன்னதும் மேனேஜர், "அதெல்லாம் டெல்லியில மேடம்" என்றார்.

நீங்கள் புக் செய்யும்போது "எந்த அறை?" என்று கேளுங்கள். வளவை ஒட்டியதா, மாடியா, பின்கட்டா என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். வீடியோ கால் போட்டு, முகப்பில் ஆரம்பித்து நடந்தே உங்கள் அறை வரைக்கும் காட்டச் சொல்லுங்கள். நடுவில் 'நெட் போயிடுச்சு' என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தேதியில் ஷூட்டிங் உண்டா என்றும் கேளுங்கள். 'ஹெரிடேஜ்' என்ற பெயரைப் பார்த்து மயங்கவேண்டாம். சுற்றுலா அமைச்சகம் தரும் ஹெரிடேஜ் ஓட்டல் தகுதிக்கு 1950க்கு முன் கட்டிய கட்டடமாக இருக்கவேண்டும். ஆனால் அந்தத் தகுதியை வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அதனால் யார் வேண்டுமானாலும் பலகையில் அந்தச் சொல்லை எழுதிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். சுருண்ட வினைல் ஷீட்டின் படம், பில், ஜிபே ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் நாங்கள் கொடுத்தோம். ஓர் இரவு வாடகை திரும்பி வந்தது. சர்வீஸ் சார்ஜ் பற்றிப் பதிலே இல்லை, என்னை இன்ஸ்டாவில் பிளாக் செய்ததோடு சரி. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போடுகிறோம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. காரைக்குடி இருக்கும் சிவகங்கை மாவட்டத்துக்கு அலையவும் வேண்டாம், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.