அம்மாவின் ஐந்து டோஸ்: ஒரு டே கேர் வார்டு அனுபவம்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. குறையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம். நுரையீரல் புற்றுநோய்க்கு அம்மாவுக்கு அங்கேதான் பெம்ப்ரோலிசுமாப் ஏற்றுகிறோம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம்.

மருந்து ஏறுவது அரை மணி நேரம், காத்திருப்பது மூன்று மணி நேரம். அருப்புக்கோட்டையில் முதல் பஸ் பிடித்து வந்து ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட் வாங்கி, பில் கட்டிய பிறகுதான் ஃப்ரிட்ஜிலிருந்து மருந்தை எடுப்பார்கள். விலை அப்படி, முன்பே கலக்கி வைக்க முடியாது, சரி. ஆனால் முந்தின நாளே ஊரில் ரத்தம் கொடுக்கலாம் என்பதை ஐந்தாவது தடவைதான் சொன்னார்கள்.

நர்ஸ்கள் தங்கம். அம்மாவுக்கு நரம்பு கிடைப்பதே கஷ்டம். மூத்த சிஸ்டர் வெந்நீர்ப் பை ஒத்தடம் கொடுத்து ஒரே குத்தில் ஏற்றிவிடுவார். இந்த மருந்துக்குக் குழாயில் பொத்தான் அளவு ஃபில்டர் இருக்க வேண்டும். அது இல்லாத செட்டைப் புதுப் பெண் மாட்டப் போனபோது, தூரத்திலிருந்தே பார்த்து மாற்றச் சொன்னார்.

டாக்டர் பொறுமையாகப் பேசுவார். "டி செல்தான்மா நம்ம உடம்பு போலீஸ். நல்ல செல்லை அடிச்சிடக் கூடாதுன்னு, பிடி-எல்1னு ஒரு கொடியைப் பார்த்தா விட்டுடும். புற்று செல்லும் அதே கொடியைக் கட்டிக்கிட்டு டோல்கேட்டைத் தாண்டுது. கொடி தெரியாதபடி போலீஸோட கண்ணை இந்த மருந்து மறைச்சிடும்." அந்தக் கொடியைப் பார்க்கும் கண்ணான பிடி-1ஐ 1992இல் கண்டறிந்தது ஜப்பானின் ஹோன்ஜோ குழு. அவருக்கு 2018இல் நோபல் கிடைத்தது.

அம்மா விடவில்லை. "அப்போ நல்லவனும் மாட்டுவானே?"

சிரித்துக்கொண்டே "மாட்டுவான்" என்றார். நாலாவது டோஸுக்குப் பிறகு தைராய்டு மாட்டியது. இப்போது காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை.

என் பெரிய குறை இதில்தான். வயிற்றுப்போக்கோ மூச்சிரைப்போ வந்தால் அடுத்த தேதி வரை பார்க்காமல் உடனே கூப்பிடுங்கள் என்று தமிழில் ஒரு தாள் கொடுக்க மாட்டார்களா? கையெழுத்து வாங்கியது நாலு பக்க ஆங்கிலப் படிவத்தில். பக்கத்துக் கட்டில் ஐயா வெளியில் சாப்பிட்டது சேரவில்லை என்று நாலு நாள் மோர் குடித்துச் சமாளித்திருக்கிறார். பார்த்தால் குடல் வீக்கம். ஸ்டீராய்டு போட்டு அடக்கினார்கள், மருந்தையும் நிறுத்தினார்கள்.

ஐந்துக்கு மூன்றரை; அந்த அரை சிஸ்டருக்கு. ஸ்கேனில் கட்டி சிறுத்திருக்கிறது. ஆறாவது டோஸ் வியாழக்கிழமை. ரத்தம் புதன்கிழமையே ஊரில் கொடுத்துவிடுவோம்.