சட்டை உரிக்கப்போகும் பாம்பை விடுதியில் விட்டுப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் பாம்பு வளர்க்கிறவர்கள் ரொம்பக் கொஞ்சம். வெளியூர் போக வேண்டி வந்தால் அதை யாரிடம் விடுவது என்று தெரியாமல் திண்டாடுவோம் என்பது தெரிந்தே சிலர் நாய், பூனையோடு சேர்த்துப் பாம்பையும் பார்த்துக்கொள்வோம் என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். அப்படி ஓர் இடத்தில் என் பாம்பை விட்டதில் அதன் கண்ணும் வாலும் கெட்டுப்போய்த் திரும்பி வந்தது. பெயர் போட வேண்டாம் என்று வீட்டில் சொன்னதால் போடவில்லை, ஆனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது பால் பைதான் (ball python), ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சின்ன மலைப்பாம்பு இனம். முறையாகப் பதிவு செய்து வளர்க்கிறேன். தங்கச்சி பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போக வேண்டியிருந்த சமயத்தில்தான் அது சட்டை உரிக்கத் தயாரானது. உடம்பு நிறம் மங்கி, வயிறு இளஞ்சிவப்பாகி, கண் இரண்டும் பால் விட்டது போல நீலமாக மூடிக்கொண்டது. பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவே ஒரு திரவம் ஊறுவதால்தான் அப்படி ஆகிறது. அந்த நாட்களில் அதற்குக் கண் சரியாகத் தெரியாது, இரை எடுக்காது, தொட்டால் மிரளும். அப்புறம் கண் தெளியும், தெளிந்து சில நாளில் மூக்கிலிருந்து ஆரம்பித்து வால் வரை சட்டையை ஒரே உருப்படியாகக் கழற்றிவிடும். நாம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், காற்றில் ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்வது. நம் வயல் பக்கம் இருக்கிற சாரைப்பாம்பு வரப்பு ஈரத்தையோ வாய்க்கால் ஓரத்தையோ தானே தேடிப் போய்விடும், சட்டையை முழுசாக வேலியில் விட்டுவிட்டுப் போய்விடும். கண்ணாடித் தொட்டிக்குள் இருப்பது எங்கே போகும்?

அதனால் எல்லாவற்றையும் தயார் செய்துதான் கொடுத்தேன். தென்னை நார்க்கழிவு ஒரு பை, பாசி போட்ட மூடி வைத்த டப்பா (உள்ளே போய் ஈரத்தில் படுத்துக்கொள்ள), ஈரப்பதம் காட்டும் கருவி. ஈரப்பதம் 60 முதல் 80 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், கையால் தொடக் கூடாது, இரை வைக்க வேண்டாம், எது நடந்தாலும் தோலை இழுக்கவே கூடாது என்று தாளில் எழுதியும் கொடுத்தேன். "சார், ராஜநாகமே பாத்த கை இது, நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க" என்றார் விடுதிக்காரர். ஒரு நாளைக்கு 350 ரூபாய், சட்டை உரிக்கிற காலம் என்பதால் தனிக் கவனிப்புக்கு 1,500 என்று சொல்லி முன்பணமாக வாங்கிக்கொண்டார். பதிவுச் சான்று நகலை நீட்டினேன், "பேப்பர்லாம் எதுக்கு சார்" என்று வாங்கவே இல்லை.

தினமும் வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. முதல் போட்டோவிலேயே எனக்குச் சந்தேகம். பால் பைதானின் உடம்பில் இருக்கிற புள்ளியும் திட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு, வளர்க்கிறவனுக்குத் தன் பாம்பைத் தெரியாமல் போகாது. என்னுடையதற்குக் கழுத்துக்குப் பின்னால் இரண்டு திட்டு ஒட்டிக்கொண்டிருக்கும், போட்டோவில் இருந்ததில் அது இல்லை. போன் போட்டுக் கேட்டால் "லைட்டு அப்படி காட்டுது சார்" என்கிறார். வீடியோ கால் கேட்டேன், டவர் இல்லையாம். மாமா பையனைப் போய்ப் பார்க்கச் சொன்னேன், வெளியாள் வந்தால் பாம்புக்கு நோய் வரும் என்று வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தங்கச்சி ஆஸ்பத்திரியில் இருக்கும்போது நான் என்ன செய்ய முடியும்.

திரும்பி வந்து பார்த்தபோது என் பாம்பு பழைய பேப்பர் விரித்த பிளாஸ்டிக் பெட்டியில் கிடந்தது, மேலே கோழிக்குஞ்சுக்குப் போடுகிற குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது, தண்ணீர்க் கிண்ணம் காய்ந்து கிடந்தது. நான் கொடுத்த நார்க்கழிவுப் பையைப் பிரிக்கவே இல்லை. சூட்டில் சட்டை காய்ந்து உடம்போடு ஒட்டிக்கொண்டதும் அவர்கள் தேங்காய் எண்ணெயைத் தடவிக் கையால் பிய்த்திருக்கிறார்கள். முதுகில் இரண்டு இடத்தில் புதுத்தோலும் சேர்ந்து கிழிந்து ரத்தக் கசிவு. இரண்டு கண்ணிலும் பழைய கண்மூடி அப்படியே இருந்தது. பாம்புக்கு இமை கிடையாது, கண்ணை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற செதில் சட்டையோடு சேர்ந்துதான் கழன்று வர வேண்டும். வால் நுனியில் பழைய தோல் மோதிரம் மாதிரி இறுகி, அதற்குக் கீழே கறுத்திருந்தது. இதையெல்லாம் செய்துவிட்டு, பிய்த்த துண்டுகளை ஒரு கவரில் போட்டு "எவ்வளவு வேலை பாருங்க சார்" என்று நீட்டி, சிகிச்சைக்கு என்று பில்லில் இன்னும் 2,000 ரூபாய் போட்டிருந்தார்கள். எலிக்கும் தனியாகக் காசு. சட்டை உரிக்கும் நேரத்தில் உயிருள்ள எலியை உள்ளே விட்டால் அது பாம்பைக் கடித்துக் குதறிவிடும், வைக்கவே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தும் வைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்.

கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து, ஈரத்துண்டுக்கு நடுவே ஊர்ந்து போக விட்டே மிச்சத் தோலை எடுத்தார். வாலில் இருந்த வளையம் வந்துவிட்டது, ஆனால் ரத்த ஓட்டம் நின்றுபோன நுனி தங்காது என்றார். கண்மூடியை இழுத்தால் கீழே இருக்கும் கண்ணே போய்விடும், ஈரத்தைச் சரியாக வைத்து அடுத்த சட்டையோடு வருகிறதா என்று பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார். அதுவரை அது அரைக் குருடாகத்தான் இருக்கப்போகிறது. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, இந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் ஊர்வன பார்க்கிற டாக்டர் யார், எப்போது இருப்பார் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அவசரத்தில் தேடினால் கிடைக்காது.

இன்னொன்று. பாம்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது பக்கத்து அறையில் மண்ணுளிப் பாம்பு ஒன்றைப் பார்த்தேன். நம் நாட்டுப் பாம்பை வீட்டில் வைத்திருப்பதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பைதான் மாதிரி வெளிநாட்டு இனத்துக்கும் 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு கட்டாயம். ஆகவே விடுதிக்காரர் பதிவுச் சான்றைக் கேட்கவில்லை என்றாலோ, உள்ளே இருக்கும் தொட்டியைக் காட்ட மறுத்தாலோ அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் கண் நீலமாகிவிட்டால் முடிந்தவரை பாம்பை இடம் மாற்றாமல் அதன் தொட்டியிலேயே விட்டு, பயப்படாத ஒருவரைத் தினமும் தண்ணீர் தெளிக்க மட்டும் வரச் சொல்லுங்கள். அதற்குப் பாம்பைத் தொட வேண்டிய வேலையே இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "பாம்புக்குப் போய் கேஸ் போடுவீங்களா" என்று சிரித்தார். போடுவேன். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லியாகிவிட்டது, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். மண்ணுளி விஷயம் வனத்துறைக்குத் தனியாகப் போயிருக்கிறது. இதே மாதிரி இடத்தில் விட்டு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் பில், வாட்ஸ்அப் பேச்சு, அனுப்பிய போட்டோ எதையும் அழித்துவிடாதீர்கள், எனக்கு ஒரு வரி எழுதுங்கள், சேர்ந்தே மனு கொடுக்கலாம்.