பழனி பாதயாத்திரை: வழியில் சோறு போட்டவர்களும் காலைப் பார்த்தவர்களும்

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போய் வந்து ஒரு வாரம் ஆகிறது. கால் இன்னும் முழுசாக ஆறவில்லை. வழியில் எங்களைக் கவனித்துக்கொண்டவர்களைப் பற்றி ஞாபகம் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன், அடுத்த தையில் நடக்கப் போகிறவர்களுக்கும் பந்தல் போடப் போகிறவர்களுக்கும் உதவும்.

நாங்கள் கிளம்பியது சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரில் இருந்து. சிங்கம்புணரி, நத்தம், கோபால்பட்டி, சாணார்பட்டி, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், அப்புறம் பழனி. குன்றக்குடியில் இருந்து நகரத்தார் காவடி தலைமுறை தலைமுறையாகப் போகிற பாதையும் ஏறக்குறைய இதுதான், அதனால் இந்த ரோட்டோர ஊர்களுக்கு நடந்து வருகிறவர்களை எப்படி நடத்துவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் கூட்டத்தில் ஒன்பது பேர். மூத்தவர் என் பெரியம்மா, 61 வயது, பல வருடமாகச் சுகர், செருப்பில்லாமல்தான் நடப்பேன் என்று வேண்டுதல்.

சாப்பாட்டை முதலில் முடித்துவிடுகிறேன். பஞ்சமே இல்லை. இட்லி, பொங்கல், எலுமிச்சை சாதம், சாம்பார் சாதம், மோர், சுண்டல், பிஸ்கட், வாழைப்பழம் என்று திண்டுக்கல் தாண்டினால் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள். ஒட்டன்சத்திரம் பக்கம் வந்துவிட்டோம் என்பது சாம்பாரிலேயே தெரிந்தது, காய்கறிச் சந்தை ஊர் இல்லையா, கரண்டிக்குக் கரண்டி முருங்கைக்காயும் கத்தரிக்காயும் வந்தது. ஆனால் எனக்கு மனதில் நிற்பது நத்தத்துக்கு முன்னால் விடியற்காலை 3 மணிக்கு ஒரு வீட்டு வாசலில் குடித்த சுக்குக் காபிதான். பேனர் இல்லை, மைக் இல்லை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர், விறகடுப்பு, ஒரு குண்டான். "சாமி, ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க, பனி இறங்குது" என்று அந்த அம்மா டம்ளரைக் கையில் வைத்தபோது விரலெல்லாம் மரத்துப்போயிருந்தது. நடக்கிறவர்கள் ராத்திரி 2 மணியில் இருந்து காலை 10 மணி வரைக்கும், பிறகு வெயில் தாழ்ந்து 4 மணிக்கு மேலும்தான் நடப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பெரிய பந்தல்கள் பலவற்றில் அடுப்பே 8 மணிக்குத்தான் பற்றவைக்கிறார்கள்.

சரி, குறையும் சொல்ல வேண்டும். திண்டுக்கல் தாண்டி ஒரு பெரிய பந்தலில் கொடுத்த தயிர் சாதம் புளித்து வாடை அடித்தது. முதல் நாள் ராத்திரியே வடித்துச் சூட்டோடு அண்டாவில் மூடி வைத்திருக்கிறார்கள். எங்களில் இரண்டு பேருக்கு மத்தியானத்துக்குள் வயிற்றால் போக ஆரம்பித்துவிட்டது, ரோட்டில் நடந்துகொண்டிருக்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று அனுபவித்தால்தான் தெரியும். அன்னதானம் போடுகிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்வதைச் சிலர் சாமி காரியத்தில் தலையிடுவதாக நினைத்துக் கோபப்படுகிறார்கள். எனக்கு அது சரியான விதிதான் என்று படுகிறது. புண்ணியத்துக்குப் போடுகிற சோறு கெட்டுப்போகாதா என்ன? இன்னொன்று, போதும் போதும் என்றாலும் தட்டு நிறைய வைப்பது. பாதித் தட்டு சோறு ரோட்டோரம் குவிந்து, அதில் மாடும் நாயும் நிற்க, அதைத் தாண்டி வெறுங்காலோடு நடக்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது, ஆனால் பிளாஸ்டிக் கப் இல்லாத பந்தலை நான் அதிகம் பார்க்கவில்லை. வாழை இலையிலும் தொன்னையிலும் கொடுத்தவர்களும் இருந்தார்கள், அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு சின்ன சாமியானா. நாலு பிளாஸ்டிக் நாற்காலி, உப்புப் போட்ட வெந்நீர்த் தொட்டி, மேசை மேல் மருந்து. ஒரு நர்ஸ் அக்காவும் படிக்கிற பிள்ளைகள் மூன்று நாலு பேரும் இருந்தார்கள். பெரியம்மா தலை சுற்றுகிறது என்றார், வெயில்தான் என்று நாங்கள் நினைத்தோம். ஒரு பையன் தரையில் உட்கார்ந்து அவர் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துத் துடைத்துவிட்டு, "அம்மா, இது வலிக்கலையா?" என்று கேட்டான். குதிகாலில் சீமைக்கருவேல முள் ஒடிந்து உள்ளேயே இருக்கிறது, சுற்றிச் சிவந்து வீங்கியிருக்கிறது, பெரியம்மாவுக்கு அது தெரியவே இல்லை. சுகர் நாள்பட்டால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும் என்று அந்த நர்ஸ் அக்கா நிதானமாக எடுத்துச் சொன்னார்.

அதோடு விடவில்லை. விரலில் குத்திச் சுகர் பார்த்தார், 62. "மாத்திரை எப்பம்மா போட்டீங்க, சாப்பிட்டீங்களா?" காலை 5 மணிக்கு மாத்திரை போட்டாயிற்று, குளித்துச் சாமி கும்பிடாமல் சாப்பிட மாட்டேன் என்று வெறும் வயிற்றோடு நாலு மணி நேரம் நடந்திருக்கிறார். சர்க்கரை குறைந்துதான் தலை சுற்றியிருக்கிறது. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் உட்காரவைத்து, மறுபடி பார்த்து, ஏறிய பிறகு இட்லி சாப்பிடவைத்துத்தான் எழுந்திருக்க விட்டார்கள். நடக்காதீர்கள் என்று சொல்லவில்லை. "செருப்புப் போடச் சொன்னா கேக்க மாட்டீங்க, கனமான சாக்ஸாவது போடுங்க, உக்கார்ற இடத்துல எல்லாம் பேத்தியை விட்டு போன் லைட்ல பாதத்தைப் பாக்கச் சொல்லுங்க" என்றார். முள்ளை எடுத்துக் கட்டுப் போட்டார், ஊருக்குப் போனதும் டாக்டரிடம் காட்டச் சொன்னார். பத்துக்குப் பத்து என்று மார்க் போடுவதுகூடச் சின்னதாகப் படுகிறது.

மற்ற இடங்களில் நான் பார்த்த வைத்தியம் அப்படி இல்லை. அன்புக்குக் குறைவில்லை, எண்ணெய் போட்டுக் கால் பிடித்துவிடுகிறார்கள், வேண்டாம் என்றால்கூட விடுவதில்லை. ஆனால் ஒரு பந்தலில் ஒரே ஊக்கை வைத்து வரிசையாக எல்லார் கொப்புளத்தையும் குத்திவிட்டுக்கொண்டிருந்தார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கொப்புளத்தின் தோல்தான் உள்ளே இருக்கிற புண்ணுக்கு மூடி, அதைக் கிழித்துவிட்டு அதே காலோடு ரோட்டில் நடந்தால் சீழ் பிடிக்கும். தானாக உடைந்திருந்தால் கழுவி, மருந்து வைத்து, சுத்தமான துணியால் கட்டினால் போதும். வலி மாத்திரையையும் கேட்டவர்களுக்கெல்லாம் மிட்டாய் மாதிரி எடுத்துக் கொடுக்கிறார்கள். அல்சர் இருக்கிறதா, கிட்னிப் பிரச்சினை இருக்கிறதா, சாப்பிட்டாயிற்றா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

பெண்களுக்குப் பெரிய பிரச்சினை கழிப்பறை. இதற்காகவே தண்ணீர் குடிக்காமல் நடந்து மயங்கி விழுகிறவர்களைப் பார்த்தேன். சில இடத்தில் நடமாடும் கழிப்பறை நிற்கிறது, உள்ளே தண்ணீர் இல்லை. விருப்பாச்சி தாண்டி ஒரு வீட்டுக்காரர்கள் தங்கள் தோட்டத்துக் குளியலறையைத் திறந்துவிட்டு, வாசலில் ஒரு பெண்ணை டார்ச்சோடு உட்காரவைத்திருந்தார்கள். சோறு எதுவும் போடவில்லை. எங்கள் கூட்டத்துப் பெண்கள் எல்லாரும் இந்தப் பயணத்தில் அதிகம் வாழ்த்தியது அந்த வீட்டைத்தான்.

நடைபாதை பற்றியும் ஒன்று. திண்டுக்கல் பழனி ரோட்டில் நடக்கிறவர்களுக்கென்று ஓரத்தில் தனிப் பாதை போட்டிருக்கிறார்கள், நல்ல உதவி. அந்தப் பாதையை அடைத்தே பந்தல் போட்டால் கூட்டம் ரோட்டில் இறங்கித்தான் ஆக வேண்டும், இருட்டில் லாரி வருகிறது. நாலடி தள்ளிப் போடுங்கள். பையில் ஒட்டிவிடுகிற ஒளிரும் ஸ்டிக்கரைப் பிள்ளைகள் விளையாட்டுக்கு உரித்துப்போடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழனியில் படி ஏறப் பெரியம்மாவுக்கு முடியவில்லை, யானைப் பாதையில் மெதுவாக ஏறினோம். மலைக்கோயிலில் 2012 முதல் நாள் முழுக்க அன்னதானம் நடக்கிறது, பூசக் கூட்டத்தில் வரிசை நீளம்தான், உட்காரவைத்துப் பரிமாறினார்கள், சாப்பாடு சூடாக இருந்தது.

திரும்பி வந்ததும் பெரியம்மா ஒரு காரியம் செய்தார். எங்கள் தெருவில் வருடா வருடம் அன்னதானத்துக்கு அரிசி மூட்டை வாங்கிக் கொடுப்பது வழக்கம். "அரிசி குடுக்க ஆயிரம் பேரு இருக்காக, காலைப் பாக்கத்தான் ஆளில்ல" என்று வீடு வீடாகச் சொல்லி, அடுத்த வருடம் பாதிப் பணத்துக்குக் கட்டுத்துணியும் சுகர் பார்க்கிற ஸ்ட்ரிப்பும் குளுக்கோஸும் வாங்க ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார். விடுமுறை எடுத்து வர இரண்டு நர்ஸ் அக்காக்கள் சம்மதித்திருக்கிறார்கள். இடம்தான் வேண்டும். நத்தத்துக்கும் கோபால்பட்டிக்கும் நடுவில் ராத்திரி 2 மணிக்கு மேல் நாங்கள் போனபோது ஒரு விளக்குகூட இல்லை, அங்கேதான் வைக்க நினைக்கிறோம். அந்தப் பக்கம் ரோட்டை ஒட்டித் தோட்டமோ களமோ வைத்திருப்பவர்கள், தண்ணீரும் கழிப்பறையும் இருந்தால், சொல்லுங்கள்.