குண்டுமல்லியா, காகிதப்பூவா?

பங்குனி, சித்திரையில் பூக்கும் செடி வேண்டும் என்று செடிக் கண்காட்சிக்குப் போனால், கண் முதலில் காகிதப்பூவின் மேல்தான் விழும். நாம் இதழ் என்று நினைப்பது உண்மையில் பூவடிச் செதில், அதாவது பூவை ஒட்டியிருக்கும் வண்ண இலை. அதனால்தான் சீக்கிரம் வாடுவதில்லை. நல்ல வெயில், கொஞ்சம் காய்ந்த மண் போதும். தண்ணீர் கூடினால் இலைதான் மிஞ்சும். வேர் மென்மையானது, மண்கட்டி உடையாமல் தொட்டி மாற்றுங்கள்.

குண்டுமல்லி வேலை வாங்கும். நவம்பர் கடைசியில் சுமார் 50 செ.மீ. உயரம் விட்டுக் கவாத்து செய்தால், அதாவது மேல் கிளைகளை வெட்டிவிட்டால், மார்ச் முதல் நன்றாக மொட்டு விடும். அப்புறம் மொட்டுப்புழு, செம்பேன் தொல்லை வேறு. வாங்கும்போது பூவைப் பார்த்து மயங்காமல் செம்பேன் இருக்கிறதா என்று இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

அடிக்கடி ஊருக்குப் போகிறவர்களுக்குக் காகிதப்பூ சரி. என் ஓட்டு மல்லிக்குத்தான். வாசனையில்லாத பூவை வைத்து என்ன செய்வது?