யூ ஷேப் ஃபீடிங் பில்லோ: ரெண்டு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதறேன்

பாப்பா பொறந்த அஞ்சாவது நாள்ல இருந்து இந்த பில்லோவ யூஸ் பண்றேன், இப்போ அவளுக்கு ரெண்டு மாசம் முடியப்போகுது. நான் இத வாங்கினதுக்கு ஒரே காரணம் பால் குடிக்கும்போது அவ அழுத அழுகைதான். வாய வச்சு நாலு தடவ உறிஞ்சுவா, உடனே முதுக வில்லு மாதிரி வளைச்சு, ரெண்டு கையையும் இறுக்க மூடிக்கிட்டு, மார்ப விட்டுட்டு வீல்னு கத்துவா. மறுபடி வைப்பேன், மறுபடி அதே கதை. பில்லோ கவர்ல பால் குடிக்கும்போது அழுற குழந்தைய அமைதிப்படுத்தும்னு போட்டிருந்துச்சு, தூக்கமே இல்லாத அந்த நாள்ல நான் அத அப்படியே நம்பிட்டேன்.

முதல்ல நல்லத சொல்லிடறேன். எனக்கு சிசேரியன், பாப்பாவோட வெயிட் தையல் மேல படாம இருந்ததுக்கு இந்த பில்லோதான் காரணம். அவள பக்கவாட்டுல, என் அக்குளுக்கு கீழ கால் போற மாதிரி வச்சு குடுக்கறதுக்கு ரொம்ப வசதி. தோள்வலி, மணிக்கட்டு வலி நிஜமாவே குறைஞ்சுது.

ஆனா அழுகை குறையல, இன்னும் அதிகமாச்சு. ரெண்டாவது வாரம் தாய்ப்பால் ஆலோசனை குடுக்கற சிஸ்டர் ஒருத்தங்க வீட்டுக்கு வந்தாங்க. எதையும் தொடாம நான் குடுக்கறத முழுசா உக்காந்து பாத்தாங்க. "பால் வேகமா வருதும்மா, அவளால முழுங்க முடியல, அதான் விட்டுட்டு அழறா"ன்னாங்க. அப்போதான் நானும் கவனிச்சேன், உறிஞ்சும்போது டக் டக்னு ஒரு சத்தம், நடுவுல இருமல், உதட்டோரமா பால் வழியுது. பில்லோ உயரம் எனக்கு சரியா இல்லாததால நான் அவ மேல குனிஞ்சு குடுத்துட்டிருந்திருக்கேன், மேல இருந்து கொட்டற மாதிரி பால் அவ தொண்டைக்குள்ள போயிருக்கு. அவங்க பில்லோவ எடுத்து என் முதுகுக்கு பின்னாடி வச்சு, என்னைய நல்லா சாஞ்சு உக்கார சொல்லி, பாப்பாவ என் நெஞ்சு மேல குப்புற, வயிறும் வயிறும் ஒட்டற மாதிரி படுக்க வச்சாங்க. மார்புல சுருக்குன்னு பால் இறங்கறது தெரிஞ்சதும் அவள எடுத்துட்டு முதல் பீச்சல ஒரு துணில விட்டுட்டு திரும்ப வைக்க சொன்னாங்க. அன்னைக்கு சாயந்தரமே மூடியிருந்த அந்த கை மெதுவா விரிஞ்சு என் மேல படிஞ்சுது, எனக்கு கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

இன்னொன்னு, அழுகைங்கறது பசியோட கடைசி அடையாளம். அதுக்கு முன்னாடியே வாய திருப்பி தேடுவாங்க, கைய வாய்க்கு கொண்டுபோவாங்க, அப்போவே எடுத்துடணும். இந்த பில்லோவுல பெல்ட்ட மாட்டி வெல்க்ரோவ ஒட்டி ரெடியாகறதுக்குள்ள அவ கத்த ஆரம்பிச்சிடுவா, அந்த வெல்க்ரோவ பிரிக்கற சத்தத்துல தூங்கின குழந்தையும் முழிச்சுக்கும். நல்லா கத்திட்டா வாய்ல திணிக்காதீங்க, டிரஸ்ஸ எடுத்துட்டு உங்க தோலோட ஒட்டி வச்சு லேசா ஆட்டி, அடங்கினதும் குடுங்க.

சாயந்தரம் ஆனா அரை மணிக்கு ஒருதடவ கேப்பாங்க, அதப் பாத்து பால் பத்தலன்னு பயந்துடாதீங்க. ஒரு நாளைக்கு 8ல இருந்து 12 தடவ குடிக்கறது, அஞ்சாம் நாளுக்கு மேல 6 டயப்பராவது நனையறது, வெயிட் ஏறறது, இத பாருங்க போதும். பொதுவா குழந்தைங்களோட அழுகை ஆறாவது வாரம் வாக்குல உச்சத்துக்கு போய், 3-4 மாசத்துல தணிஞ்சுடும். ஆனா 38 டிகிரி செல்சியஸோ அதுக்கு மேலயோ காய்ச்சல் இருந்தாலோ, குடிக்கவே மாட்டேன்னாலோ, டயப்பர் நனையறது குறைஞ்சாலோ உடனே டாக்டர்கிட்ட போயிடுங்க. இந்த நீளமான சாயந்தரத்துக்கு பில்லோ கண்டிப்பா உதவும், முழங்கைக்கு கீழ மட்டும் வச்சுக்குவேன்.

கவர் ஜிப் நல்லா இருக்கு, கழட்டி துவைச்சுக்கலாம், ஆனா பால் உள்ள இறங்கிட்டா ஃபோம் காய ரெண்டு நாள் ஆகுது, புளிச்ச வாடை வேற, எக்ஸ்ட்ரா கவர் வாங்கி வச்சுக்கங்க. அதுமேல குழந்தைய தூங்க மட்டும் விட்டுடாதீங்க, தல சாஞ்சு மூச்சு அடைக்கற ஆபத்து இருக்கு, எனக்கே கண்ண சொக்கும்போது அவர கூப்பிட்டு பாப்பாவ குடுத்துடுவேன்.

தையல், முதுகுவலி, ரெட்டை குழந்தைன்னா தாராளமா வாங்கலாம். குழந்த அழறதுக்காகத்தான்னா முதல்ல விவரம் தெரிஞ்ச ஒருத்தர உக்காத்தி வச்சு ஒரு தடவ பால் குடுத்து காட்டுங்க, பில்லோவ அப்புறம் பாத்துக்கலாம். அஞ்சுக்கு மூணு ஸ்டார்.