தனியா வின்டர் டிரிப்: ஐ-80 ஆ, ஐ-10 ஆ?
அமெரிக்காவுல ஃப்ரெண்ட்ஸ் வீட்டுல தங்கிக்கிட்டே கிராட் ஸ்கூலும் (மேல்படிப்புக்கான யுனிவர்சிட்டி) பாக்கணும்னா ஐ-80, ஐ-10னு ரெண்டு இன்டர்ஸ்டேட் ஹைவே ரூட் இருக்கு. ஐ-80ல சால்ட் லேக் சிட்டி, லிங்கன், அயோவா சிட்டின்னு யுனிவர்சிட்டி ஊரா வரிசையா வரும், ஆனா வயோமிங் மாநிலத்துல லாரமி-ராலின்ஸ் ஊருங்களுக்கு நடுவுல காத்தும் பனியும் சேந்து அடிச்சா ரோட்டையே மூடிடுவாங்க, தனியா போறவங்க போர்வை, தண்ணி, பனி அள்ள ஷவல் இல்லாம அந்தப் பக்கமே போகாதீங்க, ஃப்ரெண்டுகிட்டயும் இன்னைக்கு வந்துடுவேன்னு அடிச்சு சொல்லாதீங்க.

ஐ-10ல பனித் தொல்லை ரொம்பக் கம்மி. வழில டூசான் வரும், அப்புறம் ஹூஸ்டன்ல ரைஸ் யுனிவர்சிட்டி, நியூ ஆர்லியன்ஸ்ல துலேன் யுனிவர்சிட்டி. டெக்சாஸ் மட்டும் சுமார் 880 மைல், தூக்கம் சொக்கும்! இருந்தாலும் என் ஓட்டு இதுக்குத்தான்.

எதுல போனாலும் டிசம்பர் கடைசில வேண்டாம், கேம்பஸ் காலியா கிடக்கும், ஒரு ப்ரொஃபசரும் சிக்க மாட்டாங்க, செமஸ்டர் ஆரம்பிச்சப்புறம் போங்க.