45 லிட்டரிலிருந்து 18 லிட்டருக்கு: என்ஆர்200பி-யா, டெர்ராவா?

சென்னை வளசரவாக்கத்தில் ஆற்காடு சாலையை ஒட்டிய வாடகை வீட்டுக்கு வந்த முதல் நாளே, என் கேமிங் கம்ப்யூட்டருக்கு அங்கே இடம் இல்லை என்று தெரிந்துவிட்டது. பழைய கேபினட் ஏறக்குறைய 45 லிட்டர். மேசைமேல் வைத்தால் மனைவியின் தையல் மெஷினுக்கு இடம் போதவில்லை, தரையில் வைத்தால் அறைக் கதவு பாதிதான் திறந்தது. உள்ளே இருந்ததோ ரைசன் 7 5800எக்ஸ்3டி ப்ராசசர் (சிபியு), மூன்று ஃபேன் வைத்த ஆர்டிஎக்ஸ் 3080 கிராஃபிக்ஸ் கார்டு. இரண்டையும் விற்க மனம் வரவில்லை. சரி, உள்ளே இருப்பது அப்படியே இருக்கட்டும், பெட்டியைச் சுருக்குவோம் என்று இறங்கினேன்.

கடைசியில் கூலர் மாஸ்டரின் என்ஆர்200பி என்ற சின்னக் கேபினட்டை எடுத்தேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. எதிரே நின்றது ஃப்ராக்டல் டிசைனின் டெர்ரா. அதை என் மாமா பையன் கோவையில் வைத்திருக்கிறான். அவன் பாகங்களை அதில் பூட்டும்போதும் கூட இருந்தேன், பிறகு இரண்டு முறை சுத்தம் செய்யும்போதும் கூட இருந்தேன். டெர்ராவைப் பற்றி நான் எழுதுவதெல்லாம் அந்த அனுபவத்தில்தான். தினமும் அதில் விளையாடியவன் இல்லை நான்.

முதலில் அளவு. என்ஆர்200பி 18.25 லிட்டர், டெர்ரா 10.4 லிட்டர். இரண்டுக்கும் மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டு வேண்டும், அதாவது 17 சென்டிமீட்டர் சதுரம். எஸ்எம்பிஎஸ்-ஸும் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) எஸ்எஃப்எக்ஸ் என்ற சின்ன அளவுக்கு மாற வேண்டும். ஐடிஎக்ஸ் போர்டில் ரேமுக்கு இரண்டே ஸ்லாட். என்னிடம் 8 ஜிபி நான்கு இருந்தன, இரண்டுக்கு இடமில்லாமல் போனது. 16 ஜிபி குச்சி இரண்டு புதிதாக வாங்கினேன். போர்டு, 750 வாட் எஸ்எம்பிஎஸ், ரேம் மூன்றுக்கும் சேர்த்து 38 ஆயிரம் ரூபாய் போனது. பழையவற்றை விற்று வந்தது 14 ஆயிரம். பெட்டியின் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுபவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டி விலையிலேயே டெர்ரா நான் வாங்கிய சமயத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கொஞ்சம் பெரிய போர்டு போகும் மைக்ரோ ஏடிஎக்ஸ் பெட்டி ஒன்றையும் யோசித்தேன். ஏசஸின் ஏபி201 போன்றவை 33 லிட்டர், சாதாரண எஸ்எம்பிஎஸ்-ஸே போதும். ஆனால் என் மேசையில் அதற்கும் பழையதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அதோடு விட்டுவிட்டேன்.

டெர்ரா பார்க்க அழகு. முன்பக்கத்தில் வால்நட் மரப் பட்டை ஒன்று ஓடுகிறது, கூடத்தில் வைத்தால் கம்ப்யூட்டர் என்றே யாரும் சொல்ல மாட்டார்கள். உள்ளே நடுவில் ஒரு சுவர். சுவரின் ஒரு பக்கம் போர்டு, மறு பக்கம் கிராஃபிக்ஸ் கார்டு. இரண்டையும் ரைசர் கேபிள் இணைக்கிறது. அந்தச் சுவரை நகர்த்தலாம் என்பது நல்ல யோசனை. கார்டுக்கு 43 மில்லிமீட்டர் கொடுத்தால் சிபியு கூலருக்கு 77 கிடைக்கும். கார்டுக்கு 72 கொடுத்தால் கூலருக்கு 48தான் மிஞ்சும். இரண்டும் சேர்ந்து 120, அதைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். என் 3080-இன் தடிமன் 58 மில்லிமீட்டர். அப்படியானால் கூலருக்கு 62. அந்த உயரத்துக்குள் ஒரு கூலர் போட்டு 5800எக்ஸ்3டி-யைக் குளிர்விப்பது கஷ்டம். அந்த சிப்புக்கு 90 டிகிரிதான் உச்சவரம்பு, கேஷ் என்ற நினைவகத்தைச் சிப்பின் மேலேயே அடுக்கியிருப்பதால் சூடு வெளியேறுவதும் மெதுவாகத்தான்.

மாமா பையனுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவனுடையது 65 வாட் ரைசன் 7 5700எக்ஸ், இரண்டு ஸ்லாட் (ஏறக்குறைய 40 மில்லிமீட்டர்) தடிமன் உள்ள ஆர்டிஎக்ஸ் 4070. அந்தப் பெட்டிக்கென்றே அளவெடுத்ததுபோல உட்கார்ந்திருக்கிறது. கார்டின் ஃபேன் நேராக வெளிக்காற்றைப் பார்த்திருப்பதால் கார்டுச் சூட்டைப் பொறுத்தவரை டெர்ராவில் குறை சொல்ல எதுவும் இல்லை. தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது அதைத் தோள்பையில் போட்டு ரயிலில் கொண்டுவந்தான். என்னுடையதை அப்படித் தூக்க முடியாது.

என் முடிவைத் தீர்மானித்தது தூசி.

ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலை நடக்கிறது. ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தாலும் இரண்டு நாளில் மேசைமேல் விரலால் பெயர் எழுதலாம். பழைய பெரிய கேபினட்டை ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊதினாலே போதும். ஹீட்சிங்க்கில் கொஞ்சம் தூசி அடைத்து ஐந்து டிகிரி ஏறினால்கூட அது தாங்கும், அவ்வளவு இடைவெளி அதற்குள் இருந்தது. சின்னப் பெட்டியில் அந்த இடைவெளி கிடையாது. மே மாத இரவில் ஏசி இல்லாத என் அறை 34 டிகிரியில் நிற்கும். அறையின் சூடு எவ்வளவு ஏறுகிறதோ ஏறக்குறைய அவ்வளவு உள்ளேயும் ஏறும். அதன்மேல் தூசியும் சேர்ந்தால் ஃபேன் கத்த ஆரம்பிக்கும், பிறகு சிப் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே சின்னப் பெட்டி வாங்கினால் அடிக்கடி சுத்தம் செய்தே ஆகவேண்டும். அடிக்கடி செய்ய வேண்டிய வேலை சுலபமாக இல்லையென்றால் நாள் தள்ளிப் போகும்.

என்ஆர்200பி-யில் ஒரு ஸ்க்ரூ கழற்ற வேண்டியதில்லை. மேல் மூடியைத் தூக்கினால் வந்துவிடும், பக்கத் தகடுகள் 'டப்' என்று கையோடு வரும். எலும்புக்கூடு மட்டும் மேசைமேல் நிற்கும். அடியில் உள்ள வடிகட்டியைக் கழற்றிக் குழாயில் காட்டினால் சாம்பல் நிறத்தில் தண்ணீர் ஓடும், அதைப் பால்கனிக் கம்பியில் காயப் போடுவேன். காய்வதற்குள் ப்ளோயரால் கூலரையும் கார்டையும் ஊதிவிடலாம். ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் சுற்ற விட்டால் பேரிங் கெடும். எல்லாம் சேர்த்து 20 நிமிடம். ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை, ஞாயிறு காலையில், இட்லி வேகும் நேரத்தில் முடிந்துவிடுகிறது.

டெர்ராவிலும் பக்கத் தகடுகள் சுலபமாகத் திறக்கின்றன. ஆனால் தூசி வடிகட்டி இல்லை, வருவது நேராகக் கார்டின் ஹீட்சிங்க் தகடுகளில், அதாவது ஃபின்களில், உட்காருகிறது. குட்டையான கூலரின் ஃபேன் தன் ஃபின்களைக் குடைபோல மூடியிருக்கும், சுற்றிலும் எஸ்எம்பிஎஸ் கேபிள்கள் நெருக்கி நிற்கும். முதல் முறை சுத்தம் செய்தபோது, "மச்சான், இந்த 24 பின் கேபிளை இப்படிச் சாய்ச்சுப் பிடிச்சுக்கோ, நான் ஃபேனை எடுக்கிறேன்" என்றான். இரண்டு பேர் நான்கு கைகளோடு உட்கார்ந்தும் ஒரு மணி நேரம் ஆனது. திரும்ப மூடும்போது கேபிள் ஒன்று ஃபேனில் உரசி, மறுபடி திறந்தோம். கோவையில் அவன் இருக்கும் தெருவில் தூசி குறைவு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்தால் போதும் என்கிறான், அங்கே அது சரியாகவும் இருக்கலாம்.

இன்னொரு சௌகரியமும் உண்டு. என்ஆர்200பி-யில் 155 மில்லிமீட்டர் உயரக் கூலர் போகும் என்பதால் பழைய கேபினட்டில் இருந்த தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ-யையே மாற்றிவைத்தேன். அதன் உயரம் சரியாக 155. கண்ணாடிப் பக்கத்தைப் போடாமல் துளையிட்ட தகட்டைப் போட்டேன். கார்டுக்கு அடியில் 15 மில்லிமீட்டர் மெல்லிய ஃபேன் இரண்டு, சாதாரண 25 மில்லிமீட்டர் ஃபேனுக்கு என் கார்டின் தடிமன் இடம் விடாது. 3080-ஐ 0.85 வோல்ட்டில் நிறுத்தி அண்டர்வோல்ட் (மின்னழுத்தத்தைக் குறைப்பது) செய்தபின் 320 வாட் இழுத்த கார்டு இப்போது 250-ஐ ஒட்டி நிற்கிறது, விளையாட்டில் வேகம் குறைந்ததாகக் கண்ணுக்குத் தெரியவில்லை. மே மாதத்தில் இரண்டு மணி நேரம் விளையாடினால் சிபியு 76, கார்டு 72. எந்தச் சின்னப் பெட்டி வாங்கினாலும் இந்த அண்டர்வோல்ட்டை முதல் நாளே செய்துவிடுங்கள், காசு செலவில்லாத வேலை.

என்ஆர்200பி-யிலும் கார்டை நிமிர்த்தி வைக்கலாம், அதற்கு ரைசர் வேண்டும். நான் நேராகப் போர்டிலேயே செருகிவிட்டேன். ரைசர் பிசிஐஇ (கார்டையும் போர்டையும் இணைக்கும் தரம்) 3.0 ஆகவும் கார்டு 4.0 ஆகவும் இருந்து, போர்டின் பயாஸ் அமைப்பு ஆட்டோவில் இருந்தால் திரை கறுப்பாகவே நிற்கலாம். பயாஸில் பிசிஐஇ-யை மூன்றாம் தலைமுறை (Gen 3) என்று கையால் மாற்றினால் வந்துவிடும். வாட்டர் கூலிங்கை இரண்டு பெட்டியிலுமே நான் போட்டுப் பார்த்ததில்லை, அதனால் அதைப் பற்றிப் பேசவில்லை.

உங்கள் கார்டு இரண்டு ஸ்லாட்டுக்குள் இருந்து, சிபியு 65 வாட்டாகவும் இருந்து, கம்ப்யூட்டரோடு ஊர் ஊராகப் போகிற ஆளாகவும் இருந்தால் டெர்ராவைத் தயங்காமல் எடுங்கள். பெரிய கார்டும் சூடான சிப்பும் வைத்திருப்பவர்களுக்கு, அதுவும் சென்னையில் சாலையோர வீட்டில் இருப்பவர்களுக்கு, அந்த 8 லிட்டர் கூடுதலாக இருப்பதே நல்லது என்பேன்.

வாங்கும் முன் டேப்பை எடுத்துக் கார்டை அளந்துவிடுங்கள். டெர்ராவில் 322 மில்லிமீட்டர் நீளம் வரை போகும், என்ஆர்200பி-யில் 330. நீளம் மட்டும் பார்த்தால் போதாது. மேல்புறத்தில் பவர் கேபிள் செருகி வளையும் இடத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். புதிய கார்டுகளின் 16 பின் பவர் கேபிள் என்றால் செருகிய இடத்திலிருந்து 35 மில்லிமீட்டருக்குள் மடக்கக் கூடாது. நான் அளக்கும்போது அதை விட்டுவிட்டேன். என்னுடையது பழைய 8 பின் கேபிள் என்பதால் பக்கத் தகடு ஒட்டி மூடியது.